பீகாக் பாஸ் பிடிக்க அமேசான் போகிறீர்களா? முதலில் நீர்மட்டத்தைக் கேளுங்கள்

பீகாக் பாஸ் என்ற வேட்டை மீனைத் தேடி அமேசானுக்குத் தூண்டில் பயணம் கிளம்புகிறவர்கள் ஏற்பாட்டாளரிடம் கேட்பது மூன்றே கேள்விகள். அறையில் ஏசி உண்டா, வாரத்துக்கு எவ்வளவு ஆகும், போன சீசனில் பெரிய மீன் எத்தனை கிலோ. பதிலோடு ஒரு படமும் வரும், பத்துக் கிலோ மீனைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவர் சிரிப்பார். அந்தப் படம் எந்த வாரம் எடுத்தது, அன்றைக்கு ஆறு ஏறிக்கொண்டிருந்ததா வடிந்துகொண்டிருந்ததா என்று கேட்பவர் அரிது. அதைக் கேட்காமல் முன்பணம் கட்டுவது காசைத் தண்ணீரில் போடுவது என்றே நான் சொல்வேன்.

மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த மீன் பழக்கம்தான். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் யாரோ கொண்டுவந்து விட்டுப் பெருகிய மீன் அங்கே. ஆனால் அந்த அனுபவத்தை நம்பி, பிரேசிலில் அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோவுக்குப் போகாதீர்கள். குட்டையில் மீன் எங்கேயும் ஓடிவிடாது. நெக்ரோவில் ஆறே இடம் மாறுகிறது. அதன் கரையிலுள்ள மனாவுஸ் நகரத் துறைமுகத்தில் வருடத்தின் உச்ச மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையில் சராசரியாகப் பத்து மீட்டர் வித்தியாசம். அங்கே 1902 முதல் தினசரி அளவு எடுக்கிறார்கள். 2021 ஜூனில் 30.02 மீட்டர் வரை ஏறியது, 2024 அக்டோபரில் 12.11 மீட்டருக்கு இறங்கியது.

தண்ணீர் ஏறும்போது கரையோரக் காடு முழுக்க மூழ்கும். அந்த மூழ்கிய காட்டுக்கு அங்கே இகபோ என்று பெயர். சிறு மீன்கள் இரை தேடி மரங்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போகும், பின்னாலேயே பீகாக் பாஸும் போகும். படகு நுழையாது, லூர் என்கிற செயற்கை இரையை எறிய இடமிருக்காது. மீன் இருக்கும், உங்களுக்குக் கிடைக்காது. வடியத் தொடங்கியதும் சிறு மீன்கள் ஓடை வாய்கள் வழியாக வெளியே வந்தாக வேண்டும். ஏரிகளும் ஆறும் சேரும் அந்தக் குறுகலான வாய்களிலும், மணல்திட்டு சட்டென்று ஆழத்தில் இறங்கும் விளிம்பிலும், சாய்ந்து கிடக்கும் மரங்களின் நிழலிலும் பாஸ் காத்திருக்கும். மெதுவாக வடிகிற தண்ணீர், அல்லது சில நாள் அசையாமல் நிற்கிற தண்ணீர். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இது எப்போது அமையும் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். மடெய்ரா ஆற்றுப் பக்கத்து, அமேசானின் தெற்குத் துணையாறுகள் ஜூலை முதல் அக்டோபர் வரை வற்றும். பீகாக் பாஸில் பெரிய இனமான சிக்லா டெமென்சிஸுக்குப் பேர்போன நடு நெக்ரோவில், அதாவது பார்செலோஸ், சாந்தா இசபெல் சுற்றுவட்டாரத்தில், ஏறத்தாழ அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை, சில வருடம் மார்ச் தொடக்கம் வரை. இந்த இனத்தின் உலக சாதனை மீன் 13.19 கிலோ. 2010 பிப்ரவரியில், நெக்ரோவின் துணையாறான மரியேயில் பிடித்தது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செய்தியில் 'மனாவுஸில் வரலாறு காணாத வறட்சி' என்று பார்த்துவிட்டு, ஆறு வற்றிவிட்டது, மீன் குவிந்திருக்கும் என்று டிக்கெட் போடுகிறார்கள். மனாவுஸ் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அங்கே வந்து சேரும் சொலிமோயஸ் ஆறு. அதன் ஊற்று ஆண்டிஸ் மலையில். மனாவுஸில் அக்டோபர், நவம்பரில் மட்டம் அடியைத் தொடும். மேலே நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பார்செலோஸில் ஆறு அடியைத் தொடுவது பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகு. ஆகவே மனாவுஸ் எண்ணை வைத்துப் பார்செலோஸைக் கணிக்க முடியாது. பிரேசில் புவியியல் துறை வாரம் ஒருமுறை வெளியிடும் நீர்மட்ட அறிக்கையில் சாவ் கேப்ரியல் ட கச்சுவேய்ரா, தப்புருக்குவாரா (சாந்தா இசபெல்தான் அது), பார்செலோஸ் மூன்றுக்கும் தனித்தனி வரி இருக்கும். போர்த்துக்கீசியம் தெரிய வேண்டாம், எண்ணைப் பார்த்தால் போதும். சாவ் கேப்ரியல் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஏறினால் சில நாளில் கீழேயும் ஏறும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அந்த மூன்று எண்களையும் குறித்துவைத்து வாருங்கள்.

வற்ற வற்ற நல்லது என்பதும் தவறு. அளவுக்கு மீறி இறங்கினால் ஏரிக்குப் போகும் வாய்க்கால் மணலில் மூடிக்கொள்ளும், புரொபெல்லர் தரையில் இடிக்கும், நாளில் பாதி படகைத் தள்ளுவதில் போகும். பெரிய படகு விடுதி ஆற்று நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். ஆழமில்லாத தண்ணீர் சூடேறினால் உயிர்வாயு குறையும், மீன் வாய் திறக்காது. 2023 செப்டம்பர் கடைசியில் டெஃபே ஏரியில் தண்ணீர் 39 டிகிரி தாண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. அது நெக்ரோ அல்ல, சொலிமோயஸ் பக்கம். ஆனாலும் 'வறட்சிதான் சீசன்' என்று விளம்பரம் செய்பவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சீசன் நடுவில் வருகிற கெட்ட செய்திக்கு அங்கே ரெபிக்கெத்தி என்று பெயர். மேலே எங்கோ இரண்டு நாள் பலத்த மழை, வடிந்துகொண்டிருந்த ஆறு திடீரென்று திரும்ப ஏறும். ஒரே இரவில் ஒரு சாண் ஏறினாலும் மீன் மறுபடி காட்டோரத்துக்கு நகர்ந்துவிடும். நேற்று முப்பது மீன் தந்த திட்டு இன்று மூன்று தரும். வழிகாட்டியின் தரம் தெரிவது இந்த நாளில்தான். ஏறுவது தாய் ஆறா, துணையாறா என்று நல்லவர் முதலில் பார்ப்பார். தாய் ஆறு ஏறினால் துணையாற்று வாய் முழுக்கத் தேங்கி நிற்கும், அப்போது துணையாற்றின் மேல்பகுதிக்கு ஓட வேண்டும். துணையாற்றிலேயே மழை என்றால் அதை விட்டு வேறு துணையாற்றுக்கோ தாய் ஆற்று ஏரிகளுக்கோ போக வேண்டும். மேலே மிதக்கும் லூரை ஒதுக்கிவிட்டு அரை அவுன்ஸ் முடி ஜிக்கை (கனமான தலையில் முடி கட்டிய, மூழ்கும் லூர்) எடுத்து, மரவேருக்கு ஒட்டினாற்போல் விழவைத்து, நிதானமாக இழுக்கச் சொல்வார். மோசமானவர் நேற்றைய திட்டுக்கே கூட்டிப்போவார்.

அதனால் நிலையான விடுதியை விட நகரக்கூடிய ஏற்பாட்டுக்கு என் ஓட்டு. படகு விடுதியோ, இழுத்துச் செல்லும் மிதக்கும் அறைகளோ, இரவோடு இரவாக ஐம்பது அறுபது கிலோமீட்டர் மாறிவிடலாம். கரையில் கட்டிய விடுதிக்கு எதிரில் ஆறு ஏறினால் நீங்கள் சாப்பிட்டுத் தூங்கலாம், சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை துணையாறுகளில் மீன்பிடிக்க உரிமை இருக்கிறது, பழங்குடி நிலப்பகுதி என்றால் அந்தச் சமூகத்தோடு ஒப்பந்தம் உண்டா, மட்டம் மோசமானால் தேதி மாற்றித் தருவார்களா. 'இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற ஒற்றை வரியோடு முடிகிற ஒப்பந்தத்தை நான் மதிக்க மாட்டேன். ஆறு ஏறுவதை அவர்கள் தடுக்க முடியாது, சரி. உங்களை வேறு ஆற்றுக்குக் கொண்டுபோக முடியுமே.

இனி சாமான். கோல் ஆறரை முதல் ஏழடி வரை, மீடியம் ஹெவி. சிறு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கடுமை, இரண்டு மூன்று துண்டாகக் கழற்றும் கோல் வசதி. ரீல், கோலின் மேல்பக்கம் பொருத்தும் பெய்ட்காஸ்டர், வேகம் 7:1, அதாவது கைப்பிடி ஒருமுறை சுற்றினால் சுருள் ஏழுமுறை சுற்றும். பிரெய்டு என்கிற பின்னல் லைன் 65 முதல் 80 பவுண்ட். நம் ஊரில் கொடுவாய்க்குப் போடும் 30 பவுண்ட் லைன் இங்கே மரக்கட்டைக்குள் ஒரே இழுப்பில் அறுந்துவிடும். மீன் கடித்த முதல் மூன்று நொடிகளில் மரத்துக்குள் பாயும், அதை நிறுத்துவதற்குத்தான் இந்தத் தடிமன். மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கை ஏறக்குறைய பூட்டியே வையுங்கள். பெரும்பாலும் தோற்பது லைன் அல்ல, லூரோடு வரும் மட்டமான தூண்டில் முள்ளும் அதை மாட்டும் வளையமும். வாங்கியதுமே கழற்றிவிட்டு 4எக்ஸ் என்ற தடித்த முள்ளும் கனமான ஸ்பிளிட் ரிங் வளையமும் மாட்டுங்கள்.

விசிறி வைத்த, நீர்மேல் ஓடும் பெரிய டாப்வாட்டர் லூர்தான் எல்லோருக்கும் ஆசை. எட்டங்குல லூரை நாள் முழுக்க எறிந்தால் மறுநாள் தோள் தூக்க முடியாது, ஆறங்குலம் போதும். மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்ததும் கோலைச் சுண்டிவிடுவார்கள் பலர். லூர் முகத்துக்கு நேராகப் பறந்து வரும். கையில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள். தவறவிட்டால் அதே சுழிப்பில் கூட்டாளி உடனே ஜிக்கைப் போட வேண்டும், பாதி நேரம் அதே மீன் அதை எடுக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லைனின் கடைசி இரண்டு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வெட்டி மறுமுடிச்சு.

முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை இடுக்கியால் நசுக்கிவிடச் சொல்வேன். மீனுக்காக மட்டுமல்ல. துள்ளுகிற மீன், மூன்று கொக்கி முள், வழிகாட்டியின் விரல், மூன்றும் ஒரே இடத்தில் சேருவது அங்கே அன்றாடம் நடப்பது. மருத்துவமனை ஒருநாள் தூரம். ஏழெட்டுக் கிலோ மீனைத் தாடைக் கவ்வியில் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது தாடையையும் உள்ளுறுப்பையும் பாழாக்கும். வயிற்றுக்கு அடியில் ஒரு கை, படகு மட்டத்தில், பத்து நொடி. விடும்போது சுற்றிப் பாருங்கள். இளஞ்சிவப்பு டால்பின் படகைப் பின்தொடர்ந்து வந்தால், களைத்த மீனை விட்ட கையோடு அது கவ்விவிடும். இடம் மாறி விடுங்கள், இல்லாவிட்டால் டால்பினுக்கு ஊட்டுகிறீர்கள் என்று அர்த்தம். நெற்றியில் புடைப்போடு வரும் ஆண் மீன் குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருக்கலாம். பிடித்த இடத்திலேயே, உடனே விட வேண்டும். குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்ன நிமிடக்கணக்குப் போதும்.

நெக்ரோவின் கறுப்புத் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது, அதனால் கொசு குறைவு. அதை நம்பி ஊசி போடாமல் போகாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேரே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். அட்டையைப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.