மஞ்சள் பெயின்டுக்கு அடியில் ஒரு விவசாய விமானம்

நியூசிலாந்தில் பறக்கும் நிலையில் இருக்கும் பழைய டைகர் மாத் விமானங்களில் பல, இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானத்தின் மஞ்சள் நிறத்தில்தான் பளபளக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அவற்றில் ஒன்றின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த மஞ்சள் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியை அழித்துவிட்டோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்தது. பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் உருவாக்கிய டைகர் மாத் 1931 அக்டோபர் 26 அன்று முதலில் பறந்தது. இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடல், 130 குதிரைத்திறன் ஜிப்சி மேஜர் இன்ஜின். முன் இருக்கையில் பயிற்றுநர், பின் இருக்கையில் மாணவர், பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். முன்னால் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற இடம் வேண்டும் என்பதற்காகத்தான் மேல் இறக்கையை முன்னுக்குத் தள்ளி, நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். வெலிங்டனின் ரொங்கொட்டாயிலும் இவற்றைக் கட்டினார்கள். டுனீடின் அருகே உள்ள டாயெரி போன்ற இடங்களில் இளைஞர்கள் இதில் பறக்கக் கற்றுக்கொண்டு போருக்குப் போனார்கள்.

போர் முடிந்ததும் உபரி விமானங்களை விற்றார்கள். அப்புறம்தான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களில் பாஸ்பேட் சத்துக் குறைவு, டிராக்டரும் ஏற முடியாத சரிவு. 1949 முதல் வணிகரீதியாகவே விமானத்திலிருந்து மேலுரம் தூவத் தொடங்கினார்கள், அதற்கு முதலில் கைகொடுத்தது டைகர் மாத். பயிற்றுநர் உட்கார்ந்த முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே உரத்தொட்டியைப் பொருத்தினார்கள். ஒரு நடைக்குச் சுமார் 200 கிலோ சூப்பர் பாஸ்பேட். சரிவிலேயே ஓடுபாதை: மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கி ஓடி எழும்ப வேண்டும். லோடர் வண்டி தொட்டியை நிரப்பியதும் மறுபடி கிளம்பல். அந்த உரத்தூள் துணிக்குள் புகுந்து எஃகுக் குழாய்களின் மூட்டுகளில் தங்கி, ஈரம் பட்டதும் அரிக்கும். இன்று புதுப்பிப்பவர் துணியை உரிக்கும்போது கீழ்க்குழாய்களில் தெரியும் அரிப்பும் ஒட்டுப்போட்ட வெல்டிங்கும் அந்த விமானத்தின் வேலைப் பதிவேடு மாதிரிதான். ஆனால் குழாயை மாற்றிவிட்டுப் பழையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு போட்டோகூட எடுப்பதில்லை என்றால் மனசு கேட்பதில்லை.

தேடுவதும் சுலபமில்லை. ஒரே விமானத்துக்கு மூன்று எண்கள்: தொழிற்சாலை எண், விமானப்படை எண், பிறகு இசட்.கே. என்று தொடங்கும் சிவில் பதிவு எழுத்துகள். விமானப்படையின் பதிவு அட்டை விற்பனை வரை சொல்லும், அதன் பின் சிவில் பதிவேடு. விபத்தில் பதிவு நீங்கிய விமானத்தின் இறக்கை வேறொரு விமானத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால், "விமானத்தில் மாட்டிய இந்த எண் தகட்டில் இந்த எண் இருக்கிறது, எனவே இது அந்த விமானம்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை. தகடு திருகாணியில் நிற்பது, கழற்றி வேறொன்றில் மாட்டலாம். லாக் புக்கில் மணிக்கணக்கும் பழுதுபார்த்த விவரமும் தொடர்ச்சியாக இருந்தால்தான் பேச்சு.

எல்லாவற்றையும் உர விமானமாக மாற்றச் சொல்லவில்லை. பயிற்சிக்காலத்துக்கு மரியாதை செய்வது நியாயம். ஆனால் ஒரு விமானம் இரண்டு ஆண்டு மாணவர்களையும் பத்து ஆண்டு உரத்தையும் சுமந்திருந்தால், எதை அதன் "அசல்" நிறம் என்பது? உரத்தொட்டியோடு, அன்றைய சிவில் எழுத்துகளோடு இன்னும் சிலவற்றையாவது நிறுத்தலாமே.

அந்தக் காலத்தில் லோடர் ஓட்டியவர்கள், விமானிகள், நிலத்தின் சொந்தக்காரர்கள் வீடுகளில் ஆல்பங்கள் இன்னும் இருக்கும். யாருக்காவது அந்தக் குடும்பங்களோடு பழக்கம் இருந்தால், படத்தில் விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகள் தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பண்ணை, எந்த ஆண்டு என்பதையும் இப்போதே கேட்டுப் படத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.