ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்க

ஒரு சேனல்காரர் எழுத்து தேடிப் பழைய சுமைதாங்கிக் கல்லைத் தேய்க்கிற அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் பாக்கியில்லை. அதனால் இங்கே மறுபடி ஒட்டப்போவதில்லை. போட்டவருக்கு என் கையால் இன்னும் நாலு வியூஸ் போய்ச் சேர வேண்டாம்.

தலையில் தொப்பி, முதுகில் பை, கையில் வயர் பிரஷ். சுமைதாங்கியின் மேல்கல்லைக் கரகரவென்று தேய்க்கிறார். குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக உருண்டு விழுகிறது. பின்னால் ஓர் ஆச்சியின் குரல்: "ஏய்யா, அதைப் போட்டு ஏன் இப்படி உரசுதிய? வாயும் வயிறுமாப் போனவளுக்கு வச்ச கல்லுல்லா." நம்மாள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இதுதாங்க நம்ம பாரம்பரியத்தோட நிலைமை" என்கிறார். கீழே முந்நூறு கமெண்ட், பாதி சிரிப்பு ஸ்மைலி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கல்லைத் தேடி ஆட்கள் வருவது எனக்குச் சந்தோஷம்தான். வாருங்கள். ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. எழுதி முடிப்பதற்குள் இதையே இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுமைதாங்கியைப் பார்த்திராத நண்பர்களுக்காக: இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் குறுக்கே ஒரு பட்டைக்கல் வைத்திருப்பார்கள். ஆள் நின்றால் தோளுக்கும் தலைக்கும் இடையில் வரும் உயரம். கர்ப்பிணியாக இருக்கும்போதோ பிள்ளை பெறும்போதோ இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. அவள் தன் சுமையை இறக்காமலே போய்விட்டாள், வழியில் போகிறவன் தலைச்சுமையை இந்தக் கல்லில் இறக்கி வைத்தால் அவளுக்கும் ஆறும் என்பது நம்பிக்கை. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு கல் உண்டு, தாத்தாவின் அக்காவுக்கு வைத்தது. அதில் எழுத்து ஒன்றும் கிடையாது. எத்தனை வயர் பிரஷ் தேய்ந்தாலும் அதிலிருந்து எண்ணெய்ப் பிசுக்குதான் வரும்.

என் ஆச்சி அந்தக் கல்லில் சுமை இறக்கியவள். பனை விளையிலிருந்து கருப்பட்டியைப் பனையோலைக் கடவப்பெட்டியில் வைத்துச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். எப்படி இறக்குவாள் என்று வீட்டு அடுக்களையில் நின்று செய்தே காட்டியிருக்கிறாள். கல்லை ஒட்டி நின்று, முழங்காலை லேசாக மடக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் பெட்டி நழுவிக் கல்லின் மேல் உட்கார்ந்துவிடும். சுமைக்கு அடியில் சுருட்டி வைத்த துணிச் சும்மாடு அப்படியே தலையில் இருக்கும். முகத்தைத் துடைத்து, ஒரு வெற்றிலை போட்டுவிட்டு, மறுபடி கல்லை ஒட்டித் தலையைக் கொடுத்து, பெட்டியை இழுத்து ஏற்றிக்கொண்டு போய்விடலாம். இறக்கிவிட ஒரு ஆள், ஏற்றிவிட ஒரு ஆள் என்று காட்டுப் பாதையில் யாரையும் தேட வேண்டாம். "அவதான் எனக்குக் கை கொடுத்தா" என்பாள். அவ என்றால் அந்தச் செத்துப்போன நாத்தனார். ஆச்சி கல்யாணமாகி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே போய்விட்டவள். பார்த்தேயிராத ஒருத்தியோடு இப்படி ஒரு உறவு. இப்போது அங்கே யாரும் சுமை இறக்குவதில்லை, எல்லாம் டாடா ஏஸில் போகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை விளக்கு நிற்கவில்லை. முன்பு ஆச்சி, இப்போது என் சித்தி.

இதைத்தான் மூடநம்பிக்கை என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். சரி ஐயா, மூடநம்பிக்கைதான். உங்கள் பகுத்தறிவு அந்தக் கல்லை எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டது? பாதையில் தார் போட வந்தவன் அதைப் பெயர்த்து ஓடைப் பாலத்துக்குப் போடப் பார்த்தபோது குறுக்கே போய் நின்றது எந்த ஆய்வாளர்? அந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால்தான் கடப்பாரைக்காரன் யோசித்தான். சாமி என்று பயந்தான். நாலுவழிச்சாலை போட்டபோது விளக்கு ஏற்றாத கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று யாரிடமாவது கணக்கு இருக்கிறதா?

"விழிப்புணர்வுக்காகத்தானே செய்தார், நோக்கம் நல்லதுதானே" என்று நண்பர் ஒருவர் போன் போட்டே சொன்னார். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். கல்யாண வீட்டில் செருப்புக் காலோடு அடுக்களைக்குள் போய்ச் சாம்பார் ருசி பார்க்கிறவனுக்கும் நோக்கம் நல்லதுதான். கல்வெட்டைப் படிக்க வயர் பிரஷ் எதற்கு? கம்பி உரசினால் எழுத்தின் ஓரம் மழுங்கும் என்று அதைப் படிக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்புறம் மைதா மாவைப் பூசி, சாக்பீஸால் எழுத்தின் மேலேயே கோடு இழுத்து, தனக்குத் தோன்றியபடி படிப்பது. அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்து அடுத்து வருகிறவர் அதையே கல்வெட்டு என்று படிப்பார்.

முறையாகச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டிவிஎஸ் 50-ல் எங்கள் ஊருக்கு வந்தார். நேரே டீக்கடையில் இறங்கி, "அண்ணாச்சி, இந்தப் பக்கம் பழைய கல்லு, எழுத்துக் கல்லு ஏதும் நிக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். டீக்கடை அண்ணாச்சி கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரோடு கிளம்பிவிட்டார். வழியில் என் அப்பாவும் சேர்ந்துகொண்டார். குளத்து மடையில் நிற்கிற இரண்டு கல்தூணைக் காட்டினார்கள். அதில் ஒன்றில் தண்ணீர் வற்றினால் மட்டும் தெரிகிற எழுத்து உண்டு. கரையில் உடைமரத்துக்குள் மறைந்து கிடந்த ஆவுரிஞ்சிக் கல்லையும், அதாவது மாடு உடம்பை உரசிக்கொள்ள நட்ட கல்லையும், காட்டினார்கள். மாடு உரசி உரசி ஒரு பக்கம் எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழவென்று இருக்கும். அது ஆவுரிஞ்சிக் கல் என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். மாடு கட்டுகிற கல் என்றுதான் நினைத்திருந்தோம்.

மடைத்தூணில் அவர் படியெடுத்ததைத் தெருப் பிள்ளைகளெல்லாம் கூடி நின்று பார்த்தது. தண்ணீர் விட்டு, தேங்காய் நாரால் மெதுவாகத் துடைத்தார். நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டினார். பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கினார். தாள் கொஞ்சம் காய்ந்ததும் மை தொட்ட பொதியால் ஒற்றி எடுத்தார். தாள் முழுக்கக் கறுத்து எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வந்தது. மடை கட்டிக்கொடுத்தவன் பேர் என்று படித்துச் சொன்னார். அன்றைக்கு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒரு வார்த்தை கேட்டார், ஊரே கூடப் போயிற்று. வீடியோக்காரர் கேட்கவில்லை, அதனால் அவருக்கு ஒரே ஒரு கல்தான் கிடைத்தது. அதையும் தேய்த்துவிட்டார்.

சரி, எதிர்க்கேள்விக்கு வருகிறேன். "ஊர்க்காரர்கள் மட்டும் ஒழுங்கா? எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள், டைல்ஸ் ஒட்டுகிறார்கள், சிமென்ட் பூசுகிறார்கள்." ஆமாம், அடிக்கிறார்கள். கோயில் கொடை விழாவுக்கு முன்னால் மாடன் பீடத்துக்கு வெள்ளையும் காவியும் அடித்தது போக, இப்போது கடைப் பெயின்ட் வந்துவிட்டது. எனக்கும் பிடிக்காது. ஆனால் அது நாங்கள் கும்பிடுகிற சாமி. எங்களோடு உட்கார்ந்து பேசி எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், கேட்டுக்கொள்வோம். கேமரா முன்னால் கிழவியை நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள்.

"தொல்லியல் துறையிடம் ஒப்படைத்துவிடலாமே" என்று இன்னொருவர். அந்தக் காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர் இங்கேதான் இருக்கிறது. 1876-ல் ஜெர்மானியர் ஜாகோர் அந்தப் பரம்பு மேட்டில் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போயிற்று. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியது சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. திரும்ப ஒழுங்காகத் தோண்டியது 2004-ல். இடையில் ஒரு நூற்றாண்டு போயிற்று. இப்போது அங்கேயே கண்ணாடி போட்டுக் குழியைக் காட்டுகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. சிவகளையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியில் கிடந்த நெல் உமி மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது என்று 2021-ல் அறிவித்தபோது பக்கத்து ஊர்க்காரன் என்று நானும்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். துறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர் ஊராக நிற்கிற சுமைதாங்கிக்கெல்லாம் துறை காவல் போடுமா? சித்திதான் காவல்.

கடலோரம் போனாலும் இதே கதைதான். எங்கள் வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவன், நெற்றி நிறையத் திருநீறு, உவரி ரோட்டில் போகும்போது குருசடி, அதாவது வழியோரச் சிலுவைப் பீடம், வந்தால் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிக் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வான். மெழுகு உருகி வழிந்து, பீடமே தெரியாத கல் சிலுவைகள் அந்தப் பக்கம் உண்டு. உப்பும் மிளகும் கொண்டுபோய்ப் போடுகிறவர்களில் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பிரித்துப் பார்க்க முடியாது. மணப்பாட்டில் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581-ல் கட்டியது. கீழே சவேரியார் தங்கிய குகை. அவர் இந்தக் கடற்கரைக்கு வந்தது 1542. புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பல்காரர் பாய்மரத்தை வெட்டி நட்ட சிலுவையிலிருந்து ஆரம்பித்து, அங்கே கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் உங்களை யாரும் சாதிமதம் கேட்பதில்லை. ஆனால் இதே சேனலின் பழைய வீடியோ ஒன்றில் ஒரு குருசடிப் பீடத்தின் மேல் ஏறி நின்று சிலுவையின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிறார்கள், "பெயர் தெரியாத சிலுவை" என்று. பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் பெயர் தெரிந்திருக்கும்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு உறைத்தது. ஒரு தங்கை எழுதியிருந்தாள்: "ஊரைக் கேள் என்கிறீர்களே, ஊர் என்றால் யார்? எந்தத் தெரு? கேட்கப் போகிறவன் எந்தச் சாதி என்று பார்த்துத்தானே அண்ணா உங்கள் ஊர் பதில் சொல்லும்?" நியாயம். வாத்தியாருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு போட்டதை நான் எழுதும்போதே அது உள்ளுக்குள் உறுத்தியது. நம் மாவட்டத்தில் கல்லுக்கும் தெருவுக்கும் எல்லை இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். அதற்கு ஒரு பதிவில் பதில் சொல்லிவிட என்னால் ஆகாது. ஆனால் வயர் பிரஷ்காரர் ஒன்றும் சாதி எல்லையை உடைக்க வரவில்லையே. அவர் யாரையும் கேட்காததற்குக் காரணம், அங்கே கேட்கத் தகுந்த ஆள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

இந்தக் கல்பாசம் குவாரிப் பக்கம் ஏன் வருவதில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. ராதாபுரம் பக்கம் குன்று குன்றாக வெட்டி ராவும் பகலும் கேரளாவுக்கு லாரி போகிறது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து வேலைக்குப் போனவர்கள் செத்தார்கள். அங்கே போய் "இதுதாங்க பாரம்பரியத்தோட நிலைமை" என்று ஒரு வீடியோ போடுங்களேன். போட மாட்டார்கள். அங்கே லாரிக்காரன் இருப்பான். இங்கே ஆச்சிதானே இருக்கிறாள்.

எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது வேறு. சென்னையில் இருக்கிற என் சித்தப்பா மகன், அந்தச் சித்தி பெற்ற பிள்ளை, அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "வாவ், நம்ம ஏரியாவுல இப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். இருக்கிறதுடா. உன் அம்மாவே ஒன்றுக்கு வாராவாரம் விளக்கு ஏற்றுகிறாள். கொடைக்கு வந்து வருஷம் எத்தனையோ ஆகிறது உனக்கு. சித்தி அந்த மெசேஜைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை. புளூ டிக் விழுந்திருந்தது.

கடைசியாக, கல்வெட்டு பார்க்க ஆசை என்கிறவர்கள் சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலைக்குப் போங்கள். பாறை முகப்பில் ஒரே வரி, பெரிய பெரிய தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, ஈராயிரம் வருஷம் பழையது. 1906-லேயே கண்டுபிடித்தது. காசிபன் என்பவன் துறவிகள் படுக்கச் செய்துகொடுத்த கற்படுக்கை என்று படிக்கிறார்கள். வெயில் சாய்ந்து பாறையில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானாகத் தெரியும், இல்லாவிட்டால் டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடித்தால் போதும், மாவும் வேண்டாம் சாக்பீஸும் வேண்டாம். சாஸ்தா கோயிலுக்கு வந்தவர்கள் யாராவது இருப்பார்கள், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எங்கள் சுமைதாங்கிக்கு லொகேஷன் கேட்டு இன்பாக்ஸில் இதுவரை வந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும்: தர மாட்டேன். ஊருக்கு வாருங்கள், டீக்கடையில் கேளுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே அந்த ஆச்சியைப் பற்றி யார் சிரிப்பு ஸ்மைலி போட்டாலும் பிளாக், சொந்தக்காரனாக இருந்தாலும் சரி.