படம் அதேதான், விலை மட்டும் குறைந்தது

1892-ல் லண்டன் ஓவிய வியாபாரிகள் சிலர் 4,500 பவுண்டு கொடுத்து ஒரு படத்தை வாங்கினார்கள். வயலினோடு ஓர் ஆண், மதுக்கிண்ணத்தோடு ஒரு பெண். அறை முழுக்கக் கும்மாளம். நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தது, அவர் படங்களிலேயே ஆகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு உற்றுப் பார்த்தால், ஹால்ஸின் பெயருக்கு அடியில் வேறொரு முத்திரை: ஜே, எல் எழுத்துகளும் கூடவே ஒரு நட்சத்திரமும். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், விலையைக் குறைத்துச் சமரசம் ஆனது.

முதல் நாள் மெய்மறந்து பார்த்தவர்களுக்கு மறுநாள் அதே சாயம் மட்டமாகிவிட்டதா என்ன? கலை ரசனை என்று நாம் பீற்றிக்கொள்வதில் பாதி, மூலையில் இருக்கும் கையெழுத்தைப் படிப்பதுதான் என்று எனக்கு வலுவான சந்தேகம்.

அந்த முத்திரைக்குச் சொந்தக்காரர் யூடித் லெய்ஸ்டர். 1609-ல் ஹார்லெம் நகரில் பிறந்தவர். லெய்ஸ்டர் என்றால் வழிகாட்டும் விண்மீன். அதனால்தான் அந்த நட்சத்திரம். 1633-ல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்து, சொந்தப் பட்டறை வைத்து, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் ஒருவன் சில நாள்களிலேயே ஹால்ஸின் பட்டறைக்குத் தாவிவிட, விடாமல் சங்கத்தில் வழக்குத் தொடுத்தார். எட்டு கில்டர் கேட்டார், பாதிதான் கிடைத்தது. மாணவனை முறைப்படி பதிவு செய்யவில்லை என்று அவருக்கும் அபராதம்! எந்தப் பெயரில் அவருடைய படங்கள் பின்னாளில் விற்கப்பட்டனவோ, அந்த ஹால்ஸோடுதான் இந்தத் தகராறு.

1631-ல் லெய்ஸ்டர் வரைந்த படம் ஒன்று ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளக்கொளியில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருக்கிறாள். தோளருகே குனிந்து ஒருவன் காசை நீட்டுகிறான். அவள் நிமிரவே இல்லை. இதைப் போன்ற காட்சிகளை அக்கால ஓவியர்கள் பலர் வரைந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். இவள் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

1636-ல் சக ஓவியர் யான் மோலனாரை மணந்தார். அதற்குப் பிறகு அவர் வரைந்ததாக நமக்குக் கிடைத்திருப்பவை மிகக் குறைவு. ஐந்து பிள்ளைகள், வீட்டுப் பொறுப்பு, கணவரின் தொழில் என்று காரணங்களை ஊகிக்கலாம். 1660-ல் இறந்தார். எட்டாண்டுகள் கழித்துக் கணவரும் போனபின் வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் எடுத்தவர்கள், இவருடைய ஓவியங்களுக்கு நேரே 'இறந்தவரின் மனைவி வரைந்தது' என்று எழுதிவைத்தார்கள்.