குதிர் மணல்மேடு அல்ல

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்ற பழமொழிக்கு, "மண் குதிரை அல்ல, மண் குதிர், குதிர் என்றால் ஆற்று மணல்திட்டு" என்று ஒரு 'விளக்கம்' வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

குதிர் நெல் கொட்டி வைக்கும் களிமண் கூடு. வைக்கோல் கலந்த மண்ணில் வளையம் வளையமாக அடுக்கிச் செய்வார்கள். அடியில் நெல் எடுக்க ஒரு துளை. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று பிள்ளை உளறியது இதற்குள் ஒளிந்தவரைப் பற்றித்தான். மணல்திட்டில் எப்படி ஒளிவது?

ஆற்றின் நடுத்திட்டுக்குப் பழைய தமிழில் வேறு சொற்கள் உண்டு. துருத்தி: கொல்லன் உலை ஊதும் தோற்பை, நீர் பீச்சும் கருவி, ஆற்றிடைக்குறை மூன்றுக்கும் அதே சொல். மயிலாடுதுறை அருகே உள்ள குத்தாலத்தின் தேவாரப் பெயர் திருத்துருத்தி. அரங்கம் என்ற சொல்லுக்கும் ஆற்றிடைத் திட்டு என்ற பொருள் உண்டு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கம்.

மண் குதிரை தண்ணீரில் கரையும். பழமொழிக்கு அது போதாதா?