குரல் இருந்தது, தொகுப்பில் போனது
ஆவணப்படங்கள் குரலற்றவர்களுக்குக் குரல் கொடுக்கின்றன என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்த கூற்றை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. இலங்கையில் 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறியவர்கள் வாழும் எங்கள் ஊருக்குப் போர் முடிந்தபின் ஒரு படக்குழு வந்தது. அயல்வீட்டு ஆச்சி சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த பழைய கடிதங்களைப் பாயில் விரித்து, காணிக்கு இன்னும் அனுமதிப்பத்திரம் கிடைக்காததையும், ‘தோட்டக்காட்டார்’ (தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை இழிவாகக் குறிக்கும் சொல்) என்று இங்குள்ள தமிழரே தம்மை ஒதுக்கியதையும் ஒரு மணி நேரம் சொன்னார். பின்னர் இணையத்தில் பார்த்த படத்தில் எஞ்சியிருந்ததோ, அவர் போரை நினைத்து அழுத சில நொடிகள் மட்டுமே. மும்பை ரமாபாய் நகரில் 1997இல் பொலிஸார் சுட்டுப் 10 தலித்துகள் இறந்ததிலிருந்து தொடங்கி, 14 ஆண்டுகள் படம்பிடித்தே இந்திய ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்தை முடித்தார், எங்களிடம் வந்தவர்கள் (நல்லவர்கள்தான்) இரண்டு நாள்கூட நிற்கவில்லை.