மழை மட்டும் காரணமில்லை
1944இல் பர்மாவிலிருந்து ஜப்பான் படை மணிப்பூரின் இம்பால் மீது நடத்திய படையெடுப்பை மழைதான் கெடுத்தது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. மார்ச் நடுவில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தபோதே ஜப்பானின் 31ஆவது டிவிஷன் கையில் இருந்தது சுமார் மூன்று வாரச் சாப்பாடுதான், மிச்சத்துக்கு இம்பாலில் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று படையெடுப்பின் ஜப்பானியத் தளபதி முதகுச்சி கணக்குப் போட்டார். நடமாடும் உணவாக ஓட்டி வந்த மாடுகளில் நிறைய ஆற்றோடு போய்விட்டன! அந்தப் பக்கம் முற்றுகையில் கிடந்த இம்பாலுக்கோ விமானத்தில் அரிசியும் துப்பாக்கிக் குண்டும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. இம்பாலுக்கு வடக்கே கொஹிமாவில், 31ஆவது டிவிஷனின் தளபதி சாட்டோ சாப்பாடு கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, மே கடைசியில் மேலிட உத்தரவையும் மீறிப் படையைத் திருப்பினார். மழை பின்வாங்கலை நரகமாக்கியது, சரி, ஆனால் அதற்கு முன்பே வயிறு காலி.