சளி மருந்துக்கு முன்னால் மூச்சை எண்ணுங்கள்

கைக்குழந்தைகளின் மூச்சிரைப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் அதற்கு முக்கியக் காரணம் என்று சரியாகவே சொல்கிறது. ஆனால் வீட்டில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெற்றவர்களுக்கு வேண்டியதே அதுதானே?

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50 என்பதுதான் அபாய எல்லை. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் சிரப்பை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம். (என் மாமியாரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.) வைரஸை அது ஒன்றும் செய்யாது. தண்ணீர் கலந்த சிரப் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியமும் இழந்துவிடும்.

கர்ப்பிணிகளுக்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கு அமெரிக்கா 2023-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது வர என்ன வழி என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்களேன்.